அபுதாபி முடியும்வரை

சான் ரஃபேல்,
ஆகஸ்ட் 18

அன்புள்ள எவரிஸ்தோ,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பதினைந்து மணி நேரப் பயணத்தில் இடுப்பு போய்விட்டது. இறங்கின பிறகுதான் கைபேசியைப் பேருந்திலேயே விட்டுவிட்டது தெரிந்தது. அக்கா வீட்டுத் தொலைபேசியும் காற்றில் கம்பி அறுந்து கிடக்கிறது. அதனால்தான் கடிதம். கடைசியாக உனக்கு எழுதியது கல்யாணத்துக்கு முன்னால், முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

ஸுலேமா அக்காவுக்குத் தொடை வரை மாவுக்கட்டு. படுத்துக்கொண்டே என்னை வேலை வாங்குகிறாள். பத்து நாளில் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உனக்கு ஃப்ரீசரில் எம்பனாதா முப்பது வைத்திருக்கிறேன். முதல் நாளே பத்தைத் தின்றுவிடாதே.

புதன்கிழமை நம் பராங்கா அணியின் தென்னமெரிக்கக் கோப்பை மேட்ச்சை நான் பக்கத்தில் இல்லாமல் பார்க்கப் போகிறாய். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கியவர்கள் இனி எங்கே தேறப் போகிறார்கள். மனசைத் தளரவிடாதே, ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

உன்,
நெலிதா


பரானா,
ஆகஸ்ட் 24

என் கிழவிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நான்கு கோல். பராங்கா நான்கு, அவர்கள் பூஜ்யம். காலிறுதிக்குப் போய்விட்டோம். தெருவே பைத்தியம் பிடித்து ஆடியது, மருந்துக்கடைக்காரர் வேட்டு வெடித்து மீசையைச் சுட்டுக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் மேட்ச் அன்று மத்தியானம் வந்தது. கையெல்லாம் எண்ணெய். அப்புறம் படிக்கலாம் என்று டிவிக்கு அடியில் செருகி வைத்தேன். உன் நாற்காலி காலியாக இருந்தது. மேட்ச் பார்க்க வந்த கூட்டாளி பாஸ்குவால் அதில் உட்காராமல் காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்தான். நான்காவது கோல் விழுந்ததும் அவன் எழுந்து சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். "டேய் எவரிஸ்தோ, இந்த வீட்டுல இன்னிக்கு என்னென்ன மாறியிருக்குன்னு பாருடா" என்றான். நீ இல்லை. கடிதம் பிரிக்காமல் டிவிக்கு அடியில். அவ்வளவுதான் மாறியிருந்தது.

சிரிக்காதே. நீயும் இந்த ஊர்க்காரிதான். பராங்கா லீக் பட்டம் ஜெயித்த வருஷம் முழுக்க உன் அப்பா ஒரே சட்டையோடு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார் என்று நீதானே சொல்வாய். அதனால் காலிறுதி முடியும்வரை அங்கேயே இரு. தொலைபேசி பண்ணாதே. மேட்ச்சுக்கு முன்னால் வந்து சேரும்படி ஒரு கடிதம் போடு, முடிந்த பிறகு பிரிக்கிறேன். ராசி கைவிடாது.

உன் கிழவன்,
எவரிஸ்தோ


சான் ரஃபேல்,
செப்டம்பர் 20

அன்புள்ள எவரிஸ்தோ,

ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும் இதை நீ மேட்ச் முடிந்துதான் படிப்பாய். எழுதும்போது அது விசித்திரமாக இருக்கிறது.

அக்கா கட்டுப் பிரித்து நடக்கிறாள். இங்கே எனக்கு வேலை தீர்ந்துவிட்டது. காலையில் வாய்க்கால் ஓரம் நடக்கிறேன், மத்தியானம் இருவரும் சீட்டாடுகிறோம். வேறு கைபேசி வாங்கிவிட்டேன், ஆனால் உனக்கு எண் தரவில்லை. நீ சொன்னபடி நடக்கிறேன். கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. "வீட்டுக்காரர் எப்படி இருக்கார், சண்டையா" என்று ரொட்டிக்கடைக்காரி கேட்டாள். கால்பந்துக்காக இங்கே இருக்கிறேன் என்றேன். அவளும் கணவன் உள்ளவள், தலையாட்டினாள்.

இன்னொன்று. அக்காவைக் கூட்டிப் போன இடத்தில் டாக்டர் என்னையும் பார்த்தார். இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பயம் ஒன்றும் வரவில்லை. எதுவுமே வரவில்லை, அதுதான் உண்மை.

உன்,
நெலிதா


பரானா,
அக்டோபர் 27

கிழவி,

காலிறுதி ஒன்றுக்கு பூஜ்யம். அரையிறுதியும் ஜெயித்தோம், பெனால்டியில். ஐந்தாவது பெனால்டியை நான் பார்க்கவில்லை, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதனால் இனிமேல் பெனால்டி வந்தால் நான் அங்கேதான் நிற்க வேண்டும் என்கிறான் பாஸ்குவால்.

இரண்டு ஆட்டமும் முடிந்த பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன், கட்டி பற்றி எழுதியிருந்தாய். ஒன்றும் இருக்காது, உன் அம்மாவுக்கும் இப்படித்தான் ஏதோ வந்து கரைந்து போனது. பரிசோதனை செய்துகொள். நல்ல டாக்டரிடம் போ, தைரியமாக இரு.

வீடு நாறுகிறது. ஆகஸ்ட்டிலிருந்து மேசைவிரிப்பைத் துவைக்கவில்லை, துவைக்க பாஸ்குவால் விடுவதில்லை. எம்பனாதா தீர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கட்டிலில் நடுவில் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. மறுபடி என் ஓரத்துக்கே போய்விட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

இறுதி ஆட்டம் நவம்பர் 22, எதிரில் பிரேசில்காரர்கள். பராங்கா ஆரம்பித்து நூற்றுப் பத்து வருஷத்தில் இதற்கு முன் ஒரு தென்னமெரிக்கக் கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. இன்னும் நான்கு வாரம் பொறுத்துக்கொள்.

உன்,
எவரிஸ்தோ


சான் ரஃபேல்,
நவம்பர் 15

எவரிஸ்தோ,

கட்டியை எடுக்க வேண்டும் என்கிறார்கள். நவம்பர் 21, புதன்கிழமை காலை. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள். நான் தேதி குறிக்கவில்லை, ஆஸ்பத்திரி குறித்தது.

நீ வர வேண்டும் என்று எழுதுகிறேன். மேட்ச் முடிந்துதான் இதைப் பிரிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். அக்கா என்னைத் திட்டுகிறாள். "போன் பண்ணி வாடான்னு சொல்லேன்டி, உனக்கு என்ன கேடு" என்கிறாள். நேற்று கைபேசியை எடுத்தேன். நம் வீட்டு எண்ணில் பாதி அழுத்திவிட்டு நிறுத்திவிட்டேன். நீ வந்து, அவர்களும் தோற்றுவிட்டால், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். ஆனால் சாகும்வரை என்னை ஒரு மாதிரி பார்ப்பாய். அந்தப் பார்வைக்கு நான் தயாராக இல்லை.

அதனால் கடிதம் மட்டும்.

நெலிதா


பரானா,
நவம்பர் 25

நெலிதா,

ஜெயித்துவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. பராங்கா தென்னமெரிக்காவின் சாம்பியன். ஆற்றங்கரையில் எழுபதாயிரம் பேர், சிலர் கல்லறைக்குப் போய் அப்பாக்களுக்கு வாய்விட்டுச் செய்தி சொல்லிவிட்டு வந்தார்கள். நானும் போனேன். அப்பா கல்லின் முன்னால் நின்றேன், சொல்ல வாய் வரவில்லை. நாற்பது வருஷமாக இந்த நாளை நினைத்து நினைத்து வைத்திருந்தேன். வந்தபோது கை கால் எல்லாம் மரத்துப் போன மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். நின்றபடியே படித்தேன், அப்புறம் உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்திருக்கும் நேரம். ஸுலேமா வீட்டு எண்ணை எடுத்தேன். பாஸ்குவால் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆபரேஷன் முடிஞ்சுருச்சுடா. கெட்ட சேதின்னா ஸுலேமா சும்மா இருப்பாளா? அபுதாபில நடக்குற கிளப் உலகப் போட்டிக்குத் தகுதி வாங்கிட்டோம். அபுதாபி முடியட்டும், நானே உன்னைப் பேருந்து ஏத்தி விடறேன்" என்றான். அவனைத் திட்டலாம்தான். ஆனால் போனைக் கீழே வைத்தது நான்.

உலக அரையிறுதி டிசம்பர் 12, நம் நேரம் மத்தியானம். எதிரில் அந்த ஊர் அணிதான், அதைத் தாண்டினால் ஐரோப்பாக்காரன். இரண்டே இரண்டு ஆட்டம். நான் கெட்டவன் இல்லை நெலிதா, உனக்கே தெரியும். நாலு மாதம் காத்ததைக் கடைசியில் கெடுத்துவிட வேண்டாம் என்றுதான். எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது.

எவரிஸ்தோ


சான் ரஃபேல்,
டிசம்பர் 2

எவரிஸ்தோ,

வாழ்த்துகள். இங்கேயும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பார்த்தேன். பக்கத்துக் கட்டில் பெண் எனக்காகக் கை தட்டினாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டியோடு கொஞ்சம் சதையும் எடுத்திருக்கிறார்கள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, அக்காதான் தலை சீவி விடுகிறாள். வலி பெரிதாக இல்லை. தொட்டால் அந்த இடம் என்னுடையது மாதிரியே தெரியவில்லை. மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

எடுத்த கட்டி எப்படிப்பட்டது என்ற முடிவை டிசம்பர் 12 காலை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். உன் மேட்ச் அன்றைக்குத்தான். இந்தத் தடவை நேரம் விட்டு எழுதுகிறேன். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்துவிடும். திங்கள் சாயங்காலப் பேருந்தில் ஏறினால் செவ்வாய் காலை இங்கே இருப்பாய். நான் பேருந்து நிலையத்துக்கு வருவேன்.

போன் பண்ண மாட்டேன். இதைப் பிரிக்கிறாயா, டிவிக்கு அடியில் வைக்கிறாயா என்பதை உன்னிடமே விடுகிறேன். மேட்ச் முடிந்துதான் பிரித்தாய் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். அது நம் ஊர் வழக்கம், நானும் அதில் வளர்ந்தவள்தான். ரிசல்ட் எப்படி இருந்தாலும் இருபத்திரண்டாம் தேதி வீட்டுக்கு வந்துவிடுவேன், மேசைவிரிப்பையும் நானே துவைத்துக்கொள்கிறேன்.

நெலிதா


பரானா,
டிசம்பர் 15

நெலிதா,

தோற்றுவிட்டோம். இரண்டுக்கு பூஜ்யம். அதை நீ பார்த்திருப்பாய். உலகக் கோப்பைக்குப் போன பராங்கா ஒரே ஆட்டத்தில் திரும்பி வருகிறது.

பாஸ்குவால் சிலிண்டர் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "எல்லாத்தையும் சரியாத்தானேடா பண்ணினோம், எங்க தப்பினோம்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமையே பிரித்துவிட்டேன். வாசலிலேயே நின்று பிரித்தேன். இரண்டு தடவை படித்தேன். அப்புறம் மாவுப் பசை காய்ச்சி ஒட்டி, டிவிக்கு அடியில் வைத்தேன். பாஸ்குவால் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான்.

திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் கையில் இருந்தது, ஜன்னல் ஓர இருக்கை. ஓட்டுநர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஏறலையா பெரியவரே?" என்றார். ஒருவரை வழியனுப்ப வந்தேன் என்று சொன்னேன். பேருந்து போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாத்தே குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ராசிக்காக இல்லை. கடிதத்தைப் பிரித்தபோதே ராசி போய்விட்டது, எனக்கு அது தெரியும். தோற்பார்கள் என்று தெரிந்தேதான் புதன்கிழமை டிவி முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியானால் ஏன் ஏறவில்லை என்று கேட்பாய். நானும் ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் சொல்வதை உன் பக்கத்தில் நின்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. ஆகஸ்ட்டிலிருந்து சாக்கு இருந்தது, அதற்குப் பழகிவிட்டேன் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் வெட்கம்கூடச் சரியாக வரவில்லை.

உனக்குப் பொய் எழுதியிருக்கலாம். முப்பத்தொரு வருஷத்தில் உனக்கு நான் பொய் சொன்னதில்லை. ரிசல்ட் என்ன ஆயிற்று? இருபத்திரண்டாம் தேதி நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

எவரிஸ்தோ


சான் ரஃபேல்,
டிசம்பர் 20

எவரிஸ்தோ,

உன் கடிதம் இன்று காலை வந்தது. வந்ததும் பிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு நிலையத்துக்குப் போனேன். பரானா பேருந்து ஏழு பத்துக்கு வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். எனக்கு வருத்தமே வரவில்லை. "பாவம், பிரிச்சிருக்க மாட்டான்க்கா, மேட்ச் இருக்குல்ல" என்று அக்காவிடம் சொன்னேன். மறுநாள் ரிசல்ட் வாங்கப் போகும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். நீ தடுக்கப்பட்டிருக்கிறாய், இல்லாவிட்டால் என் பக்கத்தில் இருந்திருப்பாய் என்று. நாலு மாதமாக அந்த நினைப்பில்தான் இருந்தேன்.

கெட்ட கட்டி இல்லை. சந்தோஷப்படச் சொன்னார் டாக்டர். சரி என்றேன்.

இருபத்திரண்டாம் தேதிக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். பெட்டி கட்டி வாசலோரம் வைத்திருந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன். இடது கை கொஞ்சம் வலித்தது. அக்கா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள்.

கோபத்தில் எழுதவில்லை. நீ உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நீ வராதது ராசிக்காகத்தான் என்று நம்பியிருந்தவரைதான் என்னால் உன் மனைவியாக இருக்க முடிந்தது. நிலையத்துக்கு வர வேண்டாம்.

என்னுடைய கம்பளிக் கோட்டு பெரிய அலமாரியின் மேல்தட்டில், நீலப் பையில் இருக்கிறது. அதையும் என் ஆஸ்பத்திரி அட்டையையும் பார்சலில் போட்டுவிடு. அட்டை முதலில் வேண்டும். கோட்டுக்கு அவசரமில்லை, இங்கே குளிர் மே மாதம்தான் தொடங்கும்.

நெலிதா