பாவாயி அக்காவுக்குக் கேட்கும் குரல்

மூங்கில்துறைப்பட்டு
2.2.2025

அன்புள்ள பாவாயி அக்காவுக்கு,

இனிமேல் போனைத் தொடமாட்டேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டாய். உன்னோடு பேச எனக்குப் பேனாதான் கதி. இங்கே எல்லோரும் சுகம். சர்க்கரை ஆலையில் அரவை நடப்பதால் அவருக்கு ஓய்வே இல்லை. கிடைத்த ஒரு லீவில் கள்ளக்குறிச்சிக்குப் பேய்ப்படம் பார்க்கக் கூட்டிப்போனார்.

படத்தில் பேயே இல்லை அக்கா. ஒருத்தியின் காதில் சாமி பேசுகிறது. சாப்பிடாதே என்கிறது. அவள் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிறாள். வெளியே ஊரே கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறது. கதவைத் தட்ட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

நான் விம்மி விம்மி அழுதேன். "இன்னா நீ, சினிமா பாத்து அழுதுகினு கீற?" என்று அவர் கிண்டல் செய்தார். பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தபோது உன் வளையல் முழங்கை வரை ஏறியதை அவர் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை உன்னிடம் குறி கேட்க வருகிறவர்களுக்கு நீ அம்மன். எனக்கு நீ அக்கா. இங்கே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், வாயேன். பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
கலையரசி

கரியாலூர்
11.2.2025

என் தங்கம் கலைக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம், அதுதான் உன் குப்பன் மாமாவிடம், காட்டவில்லை. காட்டினால் இன்றைக்கே என்னை பஸ் ஏற்றிவிடுவார். எனக்குப் பைத்தியம் என்பதை எவ்வளவு பதவிசாக எழுதியிருக்கிறாய்! கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது.

அந்தப் படத்தில் சாமிக்கு என்ன குரல்? எனக்குக் கேட்பது நம் அம்மாவின் குரல். குறி கேட்க வருகிறவர்களிடம் இதை நான் சொன்னதில்லை. செத்து ஏழு வருஷம் ஆகியும் இருமிக்கொண்டேதான் பேசுகிறாள். தட்டின் முன்னால் உட்கார்ந்தால், "எனக்கு ஆக்கிப் போட்டியாடி?" என்கிறாள். எனக்குச் சோறு எப்படி இறங்கும்?

டாக்டரிடம் போனால் அவளை விரட்டிவிடுவார்கள். பெற்றவளை விரட்டலாமா, நீயே சொல்.

அக்கா பாவாயி

கரியாலூர்
6.4.2025

அன்புத் தங்கைக்கு,

நீ நேரில் வந்து, நானும் சாப்பிடமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து, என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனது நல்லதாயிற்று. மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது. இரண்டு வேளை சாமைச் சோறு தின்கிறேன். குறி கேட்க வருகிறவர்களை மாமா திருப்பி அனுப்பிவிடுகிறார். வீட்டில் சத்தமே இல்லை.

ஒன்றை மட்டும் உன்னிடம் மறைத்தேன். அம்மா செத்த அன்று நீ பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. தீட்டு என்று உன்னை முகம் பார்க்கக்கூட விடவில்லை. அது அம்மாவுக்குத் தெரியவில்லையடி. "கலை ஏன் வர்ல? கொயந்தைக்குப் பால் பத்துதா?" சோற்றோடு இதையும்தான் ஏழு வருஷமும் என் காதில் கேட்டாள். உன் பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்று எத்தனை தடவை சொன்னாலும் மறந்துபோவாள். மாத்திரை தொடங்கும் முன்னால் கடைசியாகப் பேசிய அன்றும் அதையே கேட்டாள். கலை வருவாள் அம்மா என்றேன். அப்புறம் அவள் பேசவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பாவாயி

மூங்கில்துறைப்பட்டு
10.4.2025

அக்கா,

நீ தேறிவருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையை விடாதே. நேற்றுக் கடிதம் எழுதியபோது இவ்வளவோடுதான் முடித்தேன். அதைத் தபாலில் போட மனசு வரவில்லை.

ஒரே ஒரு வாரம் மாத்திரை போடாமல் இருந்து பார்ப்பாயா அக்கா? நான் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். உன் பக்கத்திலேயே இருப்பேன். அம்மா கேட்டால், பால் நிறைய இருந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

கலை