பாதி ரோடு

அன்பு மகன் ஜிபினுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாயிருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போனில் சொன்னால் சிரித்தே தள்ளிவிடுகிறாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார்.

அக்காவைப் பற்றி உன்னிடம் முழுதும் சொல்லவில்லை மக்களே. ஓணத்துக்குக் கிழக்கேகோட்டை முழுக்க சீரியல் விளக்கு போட்டிருந்தார்கள், அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்த உன் அக்கா பிரிஸில்லாவுக்கு ரோட்டின் ஒரு பாதி கண்ணில் அப்படியே இல்லாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் வந்த பஸ்ஸை அவள் பார்க்கவே இல்லை. டிரைவர் பிரேக்கை மிதித்ததால் ஹேண்டிலில் உரசியதோடு போயிற்று. கண்டக்டர் பிடித்து உட்காரவைத்துப் பெயர் கேட்டாராம், வாயைத் திறந்தால் வேறேதோ வார்த்தை வருகிறது, தன் பெயர் வரவில்லை. குடிச்சிருக்கா என்று யாரோ சொன்னதுகூட அவளுக்குக் கேட்டிருக்கிறது. அப்புறம்தான் தலைவலி வந்தது.

நரம்பு டாக்டர் தலையில் வயர்களை ஒட்டி, கண்ணுக்கு நேரே விளக்கை மின்ன வைத்துப் பார்த்தார். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, மைக்ரேன்தான் என்றார். ஒரே வெளிச்சம் திரும்பத் திரும்பப் பட்டால் மற்றவர்களுக்கு மூளை பழகி அடங்கிவிடுமாம், இவளுக்குப் பழகுவதே இல்லையாம், ஒவ்வொன்றும் முதல் தடவை மாதிரி. வலி இல்லாத நாளிலும் அப்படித்தானாம். இப்போது ஜன்னல் திறப்பதில்லை, மீன் பொரிப்பதில்லை, அப்பா சாலை பஜார்க் கடையிலிருந்து வந்தால் சட்டையிலுள்ள மிளகாய் வற்றல் நெடிக்கே வாந்தி எடுக்கிறாள்.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்றேன். மறுவாரம்தான் நீ கூப்பிட்டு, கண்ணுக்குள் கண்ணாடிச் சில்லு மாதிரி கோணல்மாணலாக ஏதோ மின்னுகிறது, லாரி ஓட்டும்போது எதிரே பாதி தெரியவில்லை என்று சிரித்தாய். பக்கத்தில் படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு, அவனை வண்டி எடுக்காண்டாம்னு சொல்லும்மா என்றாள். சொன்னேன். இந்த லோடை மட்டும் சலாலாவில் இறக்கிட்டு டாக்டரைப் பார்க்கேன் என்றாய். அன்றிலிருந்து உன் போன் ஸ்விட்ச் ஆஃப் என்கிறது. பாலைவனத்தில் டவர் இருக்காது என்கிறார் அப்பா, சொல்லிவிட்டு அவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார்.

கண்ணில் மின்னல் கண்டால் வண்டியை ஓரங்கட்டிச் சாவியை எடுத்துவிடு, பட்டினி கிடக்காதே, தூக்கத்தை விடாதே, வேலை போனால் போகட்டும். கர்த்தர் அந்த வண்டியில் உன் பக்கத்தில் இருக்கட்டும். இதை வாசித்ததும் ஒரு எழுத்தாவது போடு மக்களே.

உன் அம்மா,
சரோஜம்