இருபத்தாறு மணி நேரம்

குன்னூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மணிமேகலைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? ஞாயிறு ஒரு நாள் லீவில் இண்டூர் வீட்டுக்கு வந்து திரும்ப முடியவில்லை என்று இருவரும் புலம்பிக்கொண்டிருந்தோமே, அது தீர்ந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

வாரத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறோம் என்று எங்கள் பள்ளி முதல்வர் நேற்று எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஜாஸ்மின் டீச்சர் அறுபது என்றார். கதிரவன் சார் எழுபது என்றார். பாலக்கோடு மண்டியில் தக்காளி விலைகூட அப்படி ஏறாது.

நான் கணக்கு வாத்தியார் அல்லவா? பாடம் நடத்துவதையும் நோட்டு திருத்துவதையும் மட்டும் கூட்டி, இருபத்தாறு என்றேன். மிச்சமெல்லாம் டீயும் பேச்சும்தானே.

"சார், எங்க மானத்தையும் சேர்த்து வாங்கிட்டீங்களே" என்றார் ஜாஸ்மின் டீச்சர்.

வயதானவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கும் கொஞ்சம் உதறல்தான். முதல்வரோ சிரித்துவிட்டு, "அதுக்கு அஞ்சு நாள் போதுமேங்க சார். சனிக்கிழமையும் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கீங்க? வூட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்றார். சம்பளமும் குறையாதாம்.

அடுத்த வெள்ளி மாலையே பஸ் ஏறுகிறேன். இங்கே சாப்பாட்டில் உறைப்பே இல்லை. களியும் கொள்ளுக் குழம்பும் செய்து வை. என் பழைய போர்வையை வெயிலில் போடு. தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டும் வேலையை ஆள் வைத்து முடித்துவிடாதே. சனிக்கிழமை முழுக்க நாம் இருவரும் மெதுவாகச் செய்யலாம்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன்,
தீர்த்தகிரி