நூற்றுக்கு நூறு வருகை

நாள் 201 / 08:10
மருத்துவர் பிலோமினா, விண்நிலையம். ஆட்கள் இருவர்: நான், பொறியாளர் கதிரேசன். எடையில்லாத இடத்தில் எலும்பு உளுத்துப்போகும். அதனால் பட்டையால் இழுத்துக் கட்டிக்கொண்டு, தினம் இரண்டு மணி நேரம் ஓட்டப்பொறியில் ஓட வேண்டும். இன்று: கதிரேசன் நிறைவு. பிலோமினா நிறைவு. கழிவறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

நாள் 203 / 10:40
இறுகிப்போன கதவைக் கதிரேசன் முக்கித் திறந்தான். முதுகில் மளுக்கென்று சத்தம். எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு ஒன்று மிதிபட்ட அப்பளம். பதினொரு நாளில் கப்பல் வரும். பூமியில் இறங்கும்போது உடம்பை ஐந்து மடங்கு எடை அழுத்தும். இப்படியே போனால் தண்டுவடம் நசுங்கும்.
தரைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பதில்: "ஓட்ட வருகை நூற்றுக்கு நூறு. எலும்பு முறிய வாய்ப்பில்லை. அளவீட்டைச் சரிபார்க்கவும்."
த்தூ!

11:30
ஓட்டப்பொறியில் ஆளுக்குப் பதில், பட்டையால் இழுத்துக் கட்டிய நாற்பது லிட்டர் தண்ணீர்ப் பை. அடியில் இரண்டு பழைய பூட்ஸ். கதிரேசன் பேரில் தொப்தொப்பென்று ஓடிக்கொண்டிருக்கிறது. இண்டர்காமில் முனகுகிறான்: "காலேஜ்ல வராதவனுக்கு எல்லாரும் போடுற புராக்ஸிதானே டாக்டரம்மா? உங்களுக்கும் சேத்துத்தானே போட்டேன்."
ஆமாம். எழுதிவிடுகிறேன். ஐந்து மாதமாக என் பேரிலும் அந்த மூட்டைதான் ஓடுகிறது. நான் கேட்டுத்தான். 'நிறைவு' என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான். என் முகத்தைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

நாள் 204 / 09:00
அவன் முதுகில் இரண்டு ஊசிகள். உள்ளே பலூனை ஊதி, அமுங்கிய எலும்பை நிமிர்த்தினேன். பலூனை உருவிவிட்டு எலும்புச் சிமெண்ட். குழைத்தவுடன் நீர்த்திருக்கும். பற்பசைப் பதம் வந்தபிறகே செலுத்த வேண்டும், இல்லையென்றால் தண்டுவடத்துப் பக்கம் கசியும். வாடை மண்டையைப் பிளந்தது. ஊறிய பிஸ்கட்டில் இறங்குவதுபோல ஊசி எலும்பில் இறங்கியது. சீ!
மதியமே நிமிர்ந்துவிட்டான், பல்லிளிக்கிறான். சிமெண்ட் மிச்சம் ஒரு பொட்டலம்.

நாள் 207 / 07:50
தும்மினேன். அவ்வளவுதான். என் முதுகிலும் மளுக்.
எனக்கு ஊசி போடக் கதிரேசனை விட்டால் ஆளில்லை. நுரைத்திண்டில் பழகவிட்டிருக்கிறேன். மூட்டையை இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் தரைக்குத் தெரிந்துவிடும். இந்த நிலையிலும் எனக்கு அந்தப் பயம்தான். வெட்கங்கெட்ட ஜென்மம்.

நாள் 210 / 14:20
குரல் பதிவு. என்னைக் குப்புறக் கட்டியிருக்கிறான். ஊசி சரி. பலூன் சரி. சிமெண்டைக் குழைக்கிறான்.
"பதம் வந்துருச்சு டாக்டரம்மா."
விரலில் உருட்டிப் பார்த்தாயா என்றேன்.
"பாத்துட்டேங்க. லிஸ்ட்ல டிக் போட்டாச்சு."
டிக் போட்டிருப்பான். பார்த்திருக்க மாட்டான். நிறுத்தச் சொல்வதற்குள் செலுத்தத் தொடங்கிவிட்டான்.

14:31
முதுகுக்குள் கொதிக்கிறது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். இடது கால் மரத்துப்—

14:34
வலதும்.
"கால அசைங்க டாக்டரம்மா. அசைங்களேன்!"
அழுகிறான். மூக்குச்சளி உருண்டையாக மிதந்து வந்து என் கன்னத்தில் ஒட்டுகிறது. துடைக்க முடியவில்லை, கை கட்டியிருக்கிறது. அழாதேடா. நீ டிக் போட்டாய். நான் கையெழுத்துப்—

14:40 / தானியங்கிப் பதிவு
ஓட்டப்பொறி. பிலோமினா: இரண்டு மணி நேரம், நிறைவு. வருகை: நூற்றுக்கு நூறு.