தாடி இல்லாத பதிப்பு

மார்ச் 9, ஞாயிறு. மாலை 4.40. பிழைகள்: 61.

என் கூட்டாளி தாடி எழுதிய பகுதி அத்தனையையும் கம்பைலரிலிருந்து வெட்டி எறிந்த பிறகு திரையில் வந்த எண்ணிக்கை இது. குறைந்தது இருநூறு வரும் என்று நினைத்தேன். வெறும் அறுபத்தொன்று. அப்படியொன்றும் அவன் எழுதிக் கிழித்துவிடவில்லை.

என் மேசைமேல் இருக்கும் பெட்டி எனக்கு முன்னால் பிறந்தது. விசைப்பலகையும் கணினியும் ஒரே உடம்பு. டிவியில் செருகினால் ஓடும். பேசிக் மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு வரியாகப் படித்து, யோசித்து, நடக்கும். நத்தை தேவலை. எங்கள் கம்பைலர் – இல்லை, என் கம்பைலர் – அந்த நிரலை மொத்தமாக இயந்திர மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். அதே பெட்டி பறக்கும். இரண்டு வருட வேலை. நிரலைப் பிரித்துப் படிப்பது, மொழி மாற்றுவது எல்லாம் நான். பெருக்கல், வகுத்தல், பின்னக் கணக்கு அவன்.

ஏப்ரல் 5 பழங்கணினிக்காரர்கள் சந்திப்பு. அன்று வெளியிடுவதாகப் போன வருடமே அறிவித்துவிட்டோம். தேதி மாறாது. பெயர் மட்டும் ஒன்று குறையும்.

அவன் நாற்காலியைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டுவிட்டேன். மழை பெய்தால் பெய்யட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா இன்றும் ஆரம்பித்தாள். "மாப்பிள்ளைய வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பினியே, நாளைக்கு உங்க அக்கா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வருவா?"

மாப்பிள்ளை! ஜனவரியில் அக்காவும் தாடியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அம்மாவுக்கு முந்தின நாள் தெரியும். எனக்கு மறுநாள். கல்யாணத்தில் எனக்கு என்ன ஆட்சேபணை? யாரையாவது கட்டிக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு வருடம் என் அறையில், என் முதுகுக்குப் பின்னால்! அக்கா காபி கொண்டு வருவாள். எனக்கு ஒரு டம்ளர், அவனுக்கு ஒரு டம்ளர். காபி கொடுக்க வருகிறாள் என்றுதான் நினைத்தேன். நினைவகத்தில் ஒரு பிட், ஒரேயொரு ஒன்றோ பூஜ்யமோ, மாறினால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுகிற ஆள் நான்.

கல்லூரி முதல் நாளிலிருந்து என்னை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டவன். சும்மாதான் கூப்பிடுகிறான் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் நின்று அவன் கடைசியாகச் சொன்னது: "சரி. என்னோடத எடுத்துட்டு வெளியிடு, பாக்கலாம்."

பார்.

மார்ச் 13

பிழைகள்: 9.

மார்ச் 16, ஞாயிறு

தாடியிடமிருந்து செய்தி. இரண்டு மாதத்தில் முதல் தடவை. எப்படி இருக்கிறாய் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. "எதை வேணா எடு. பெருக்கலோட கடைசில வர்ற மூணு வரிய மட்டும் எடுக்காத."

பழைய பிரதியைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. விடை சரியாக வந்து நிற்கிற நேரத்தில், சில சமயம் மட்டும், கடைசி பிட்டைப் பிடுங்கி எறிகிறது அந்த மூன்று வரி. சரியான விடையைத் தப்பாக்குவதற்கென்றே எழுதியது. பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டா? கிடையாது. துரை குறிப்பெல்லாம் எழுதமாட்டார்.

பதில் அனுப்பவில்லை.

மார்ச் 22, சனி

என் பெருக்கல் முடிந்தது. அவனுடையதைவிடச் சின்னது, வேகம் அதிகம். பத்தாயிரம் பெருக்கல் கொடுத்து, விடைகளை அலுவலகக் கணினியோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடத் தப்பில்லை. அவனுடையதையும் அதே சோதனையில் விட்டேன்: நூற்றுக்கணக்கில் தப்பு, எல்லாம் கடைசி பிட்டில். இந்த லட்சணத்தில் எடுக்காதே என்று எனக்கு உத்தரவு.

ஒன்றும் கிழியவில்லை. அவன் இல்லாமலே ஓடுகிறது.

மார்ச் 26

அக்கா தொலைபேசியில். சண்டைதான். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "சொன்னா நீ எப்படி நடந்துப்பேன்னு தெரியும். இப்ப நடந்துக்கறியே, அதே மாதிரி." வைத்துவிட்டாள்.

 சொல்லியிருந்தால் நான் ஒழுங்காக நடந்திருப்பேன் என்பதை இனி எப்படி நிரூபிப்பது? நடந்திருப்பேனா?

வேலையைப் பார்.

ஏப்ரல் 4, வெள்ளி

முதல் திரை தயார். பெயர், பதிப்பு எண், கீழே என் பெயர். ஒரே பெயர். நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

நூலக மாடிக் கூடம். நாற்பது பேர் இருக்கும். சந்திப்பை நடத்துகிறவருக்கு நான் வைத்த பெயர் கிடங்கு. வீடு முழுக்கப் பழைய கணினிகள், ஒன்றையும் யாருக்கும் இரவல் தரமாட்டார். அறிமுகம் செய்யும்போதே குத்தினார்: "ரெண்டு பேர் செய்றதா கேள்விப்பட்டோம். இப்ப ஒருத்தர்தான் வந்திருக்கார்."

வட்டம் வரைந்து காட்டினேன். எண்களை வரிசைப்படுத்திக் காட்டினேன். கை தட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம்.

தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிற அம்மாள் ஒருவர் எழுந்தார். இவர்கள் எல்லோரும் பைத்தியமாக விளையாடும் சுரங்க விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொன்னார். அதில் ஆரம்பத்தில் ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து சுரங்கம் பிறக்கும். ஒரே எண் கொடுத்தால் எந்தப் பெட்டியிலும் ஒரே சுரங்கம். அதனால் கட்டத்தாளில் வரைபடம் போட்டு, எண்ணை எழுதி, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். அந்த அம்மாள் பதினோரு வருடமாக வரைகிறார். இரண்டு கோப்பு தடிமன்.

"முந்நூத்திப் பன்னிரண்டு போடுங்க தம்பி."

போட்டேன். சுரங்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. அவர் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "இடப்பக்கம் போங்க." போனேன். "இப்ப மேல." சுவர். "மேல வழி இருக்கே." இல்லை. சுவர். திரும்பி வேறு பக்கம் போனேன். சுவர். அந்தச் சுரங்கத்திலிருந்து வெளியே வர வழியே கிடையாது. நாற்பது பேர் முன்னால் என் பொம்மை ஒரு மூலையில் முட்டிக்கொண்டு நின்றது.

வேறு எண் போட்டேன். அதுவும் அவர் வரைந்து வைத்திருந்த சுரங்கம் இல்லை.

அம்மாள் கோபப்படவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வேகமாத்தான் இருக்கு" என்றார். திட்டியிருக்கலாம்.

கிடங்கு முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். காலை முழுக்கப் பெட்டியையே பெருக்கச் சொல்லி ஒவ்வொரு விடையாகப் பார்த்தேன். பெட்டியே தப்பு! அதைச் செய்தவர்கள் உள்ளே சிப்பில் மாற்ற முடியாதபடி பதித்து வைத்த பெருக்கலில் கடைசி பிட்டைச் சில சமயம் கோட்டை விட்டிருக்கிறார்கள். சுரங்கத்தின் ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணைப் பெருக்கி வருவது. ஒரு பிட் மாறினால் பத்தாவது அடியில் எல்லாம் மாறிவிடும். பெட்டியின் தப்பை அப்படியே திருப்பிச் செய்வதற்குத்தான் தாடியின் மூன்று வரி.

என் விடை சரியா என்று பார்த்தேன். பெட்டி சொல்வதையே சொல்கிறதா என்று பார்க்கவில்லை. கம்பைலர் எழுதுகிறவன் பார்க்க வேண்டியது அது ஒன்றைத்தான்.

ஏப்ரல் 8

கிடங்கு பழங்கணினிக்காரர்கள் குழுவில் எழுதியிருக்கிறார்: "வரைபடம் வைத்திருப்பவர்கள் இந்தக் கம்பைலர் பக்கம் போகவேண்டாம்." கீழே பதினேழு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். வெளியீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரண்டு வருடம்.

பழைய பிரதி என்னிடம்தான் இருக்கிறது. மூன்று வரியை எடுத்துப் போட ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் 'என்னோடத எடுத்துட்டு வெளியிடு' என்றவனுக்குத் தெரியாமல் போட்டால் அது திருட்டு. கேட்டுப் போட்டால் தோல்வி. என்ன ஒரு தேர்வு!

ஏப்ரல் 12, சனி

போனேன்.

தாடிதான் கதவைத் திறந்தான். சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தான், கையெல்லாம் ஈரம். உள்ளே வா என்று சொல்லவில்லை. நானும் போகவில்லை. இந்த முறை வாசலில் நின்றது நான்.

மூன்று வரி வேண்டும் என்றேன்.

"எடுக்காதன்னு சொன்னேன்ல?"

"ஏன்னு சொன்னியா?"

"நீ கேட்டியா?" துணியில் கையைத் துடைத்தான். "மூணு மாசம் அந்தப் பெட்டிய பெருக்க வச்சு வச்சுக் கண்டுபிடிச்சேன். உன் பக்கத்துல உக்காந்துதான் செஞ்சேன். என்னடா பண்றேன்னு ஒரு தடவ கேட்டிருப்பியா? எதையாவது கேட்டிருக்கியா நீ?"

பெருக்கலைப் பற்றித்தான் பேசுகிறான் என்று முதலில் நினைத்தேன்.

உள்ளேயிருந்து அக்கா குரல்: "ரெண்டு பேரும் கத்தறதா இருந்தா உள்ள வந்து கத்துங்க. மாடிப்படியில ஆள் போகுது."

உள்ளே போய்க் கத்தினோம். நீ மறைத்தாய் என்றேன். ஆமாம், மறைத்தது தப்புதான் என்றான். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று எதிர்பார்க்கவில்லை.  குழாயின் இன்னொரு முனையைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். முகத்தில் தண்ணீர் அடித்தது. வேண்டுமென்றே செய்திருப்பான்.

குழாயை மாட்டி முடித்ததும் சொன்னான்: "எடுத்துக்கோ. என் பேரு வேண்டாம்."

அக்கா காபி போட்டாள். மூன்று டம்ளர்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இனி செய்ய வேண்டியவை:

1. என் பெருக்கலைத் தூக்கிவிட்டு அவனுடையதைத் திரும்பப் போடுவது. என்னுடையது சரிதான், ஆனால் வேலைக்கு ஆகாது.

2. அந்த மூன்று வரிக்கு மேல் ஏன் என்று ஒரு குறிப்பு எழுதுவது. அவன் எழுதமாட்டான்.

3. 312ஆம் எண் சுரங்கத்தை அந்த அம்மாளின் வரைபடத்தோடு கட்டம் கட்டமாக ஒப்பிடுவது. அவரிடம் பிரதி கேட்க வேண்டும். தம்பி என்று கூப்பிட்டார், தருவார்.

4. கிடங்குக்குப் பதில் எழுதாமல் இருப்பது. முடிந்தவரை.

5. முதல் திரையில் இரண்டு பெயர். வேண்டாம் என்றான். போடுவேன். கடுப்பாகட்டும்.

6. மாடியிலிருந்து நாற்காலியைக் கீழே இறக்குவது. நனைந்து ஒரு கால் ஆடுகிறது. ஆடட்டும், அவன்தானே உட்காரப்போகிறான்.