அம்மாவின் கையில் குனிந்த கிளை

வெள்ளி இரவு, நியாலாஸ்

போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று அடுத்த கட்டிலில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

கோயிலில் கிணறு வெட்டுவதற்கு இன்று மாலை அம்மாதான் நீரோட்டம் பார்த்தார். செருப்பையும் வளையலையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். கவட்டையான கொய்யாக் கிளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். மர நிழலில் கோயில் தலைவர் கார் நிறுத்தும் சிமெண்ட் தரைக்கு வந்ததும் கிளை விறுக்கென்று கீழே குனிந்தது.

"என்னா செல்வி, என் காடிக்கு அடியிலதான் தண்ணி ஓடுதா?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா என் துப்பட்டாவை வாங்கிக் கண்ணைக் கட்டிக்கொண்டார். "எங்க வேணும்னாலும் கொண்டுபோய் விடுங்கண்ணே. மறுபடி நடக்குறேன்."

தலைவரின் மனைவி அம்மாவை நின்ற இடத்திலேயே சுழற்றிவிட்டு, கோயிலின் பின்பக்கம் நிறுத்தினார். அம்மா தட்டுத்தடுமாறி வந்தார். அதே சிமெண்டில் கிளை மறுபடி குனிந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. இவர் என் அம்மாதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாளைக் காலையில் தரையை உடைக்கிறார்கள். தண்ணீர் வராவிட்டால் அம்மா இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்? படுக்கும்போது விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"வரலனா தலைவரு காடிய வெயில்ல நிறுத்தட்டும் லா. தூங்குடி."

ஆனால் போர்வையை விலக்கிப் பார்த்தால் அவரும் தூங்கவில்லை. கிளை முறுக்கியதில் தோலுரிந்த உள்ளங்கையை வாயால் ஊதிக்கொண்டிருக்கிறார். சும்மா நடித்தால் கை இப்படியா காயமாகும்?

எழுதியது போதும். போய் நானும் ஊதிவிடப் போகிறேன்.