இடது இறக்கை

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். காலாப்பட்டு பஸ் தவறியது. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு.

மாலை மதாம் தெரேஸ் வீட்டுக்குப் போய் மிராஜ் பொம்மை விமானத்தை வாங்கி வந்தேன். அவர் கணவர் முசியே அமலோர் இறந்து 15ஆம் தேதியோடு ஒரு வருடம். அன்று மாதா கோவிலில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. பிரான்சிலிருந்து மகள் வருகிறாள். அப்பா பாதியில் விட்ட இதை முடித்து அவர் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். "நீதான் தம்பி முடிக்கணும். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றார் மதாம். பெருமையாக இருந்தது. பயமாகவும்.

ஒரு சாண் நீளம். நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு. இடது இறக்கை முழுக்க அவர் பூசியது. வலது இறக்கையும் உடம்பும் வெறும் பிளாஸ்டிக். பிரெஞ்சுப் படையில் இதே விமானத்துக்கு இருபது வருடம் ஸ்பானர் பிடித்தவர். பென்ஷன் வாங்கியதும் பிரஷ் பிடித்தார்.

வாங்க:
- 00 பிரஷ். பழையது விளக்குமாறு ஆகிவிட்டது.
- சானிடைசர்.
- சுமதிக்குத் தைராய்டு மாத்திரை. (நேற்றும் மறந்தேன். பெண்டாட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.)

நவம்பர் 7, வெள்ளி

மழை. அவருடைய நீலச்சாம்பலைக் கலக்க மூன்று முயற்சி. முதலாவது புறா. இரண்டாவது ஸ்கூல் யூனிபார்ம். மூன்றாவது ஏறக்குறைய. டியூப்லைட்டில் சரி, ஜன்னலோரம் வேறு.

ஒன்பது வருடம் ஞாயிறு தவறாமல் அவர் வீட்டு மேஜையில் பெயிண்ட் அடித்தபடி இரண்டு பேருக்கும் சண்டை. அவர் டப்பா எனாமல் கட்சி. டர்பன்டைன் நாற்றம் இல்லாமல் பெயிண்டா என்பார். நான் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக். அது "பால்வாடி கலரு" என்பார். நான் பூசுவது சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இருக்கிறதாம். சண்டை இல்லாமல் இப்போதெல்லாம் ஞாயிறு நகரவே மாட்டேன் என்கிறது.

நவம்பர் 8, சனி

மழை விட்டது. ஜன்னலில் நல்ல வெளிச்சம். இதை எழுதப் பிடிக்கவில்லை.

பூசுவதற்கு முன் கைப்பிசுக்குப் போகப் பிளாஸ்டிக்கைச் சானிடைசரால் துடைப்பது என் வழக்கம். பழைய பனியன் துணி. வலது இறக்கை துடைத்தாயிற்று. இடதில் ஒரு வருடத் தூசு. அதே துணியால் ஒரு இழுப்பு. காய்ந்து ஒரு வருடமான எனாமலை இது ஒன்றும் செய்யாது என்ற தைரியம். துணி நீலமானது. அழுக்கு என்று நினைத்து இன்னொரு இழுப்பு. அப்புறம்தான் பார்த்தேன். பாதி இறக்கையைக் காணோம்.

எனாமல் சானிடைசருக்கு வராது. அக்ரிலிக் வரும்.

கிழவர் அடித்தது அக்ரிலிக்.

முதலில் வந்தது கோபம், செத்துப் போன மனிதர் மேல். ஒன்பது வருடம் என்னை அந்தப் பேச்சு பேசிவிட்டு! பிறகு என் மேல். மிச்சம் திட்டுத் திட்டாக நின்றது. முழுதும் எடுத்தால்தான் சமமாகும். எடுத்தேன். தெரியாமல் செய்தது பாதி, தெரிந்தே செய்தது பாதி.

மதியம் சுறாப்புட்டு. என்ன தின்றேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சுமதியிடம் சொன்னேன். நேராகப் போய் மதாமிடம் சொல்லிவிடு என்றாள். சொல்லலாம். சொல்லி? கிழவர் கடைசியாகக் கை வைத்த பொருள் அது. துடைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லப் போவதில்லை. அவர் மாதிரியே பூசிவிடுவேன்.

வியாழக்கிழமை போனில் நான்கு படம் எடுத்து வைத்தது நல்லதாயிற்று. பெரிதாக்கிப் பார்த்தேன். நான் உடம்பிலிருந்து நுனிக்கு இழுப்பேன். அவர் நுனியிலிருந்து உடம்புக்கு. பின் ஓரத்தில் பெயிண்டோடு பெயிண்டாகக் காய்ந்துபோன ஒரு பிரஷ் முடி. மலிவு பிரஷ்தான் வாங்குவார், கஞ்சர்.

முதல் பூச்சு. கோடு கோடாக அசிங்கம். முதல் பூச்சு அப்படித்தான். ஈரத்தில் திரும்பக் கை வைக்கக் கூடாது. வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

அலுவலகத்தில் ஒரு ஃபைலை வேறு கட்டில் சொருகி ஒரு மணி நேரம் தேடல். மேலதிகாரி: "என்ன சார், உடம்பு சரியில்லையா?"

பஸ்ஸில் உட்காரப் பிடிக்கவில்லை. இடம் இருந்தும் கருவடிக்குப்பம் வரை நின்றே வந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே இரண்டாவது பூச்சு.

மதாம் போன். முடிந்ததா என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். அது இன்னும் மோசம்.

நவம்பர் 11, செவ்வாய்

காலை ஆறரைக்கு மூன்றாவது பூச்சு. நுனியிலிருந்து உடம்புக்கு. கை பழகிவிட்டது.

என் பிரஷிலிருந்து ஒரு முடி பிடுங்கினேன். போனில் இருக்கும் அதே இடத்தில், அதே சாய்வில், ஈரத்தில் படுக்க வைத்தேன். கள்ளக் கையெழுத்துப் போடுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். கூசியது. ஆனாலும் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 12, புதன்

வலது இறக்கை, உடம்பு முடிந்தது. பிரெஞ்சு விமானப்படை வட்டங்கள்: நடுவில் நீலம், பிறகு வெள்ளை, வெளியே சிவப்பு. மாறிப் போனால் இங்கிலீஷ்காரன் விமானம் ஆகிவிடும் என்பார். மூன்று தடவை சரிபார்த்தேன்.

சுமதி பார்த்துவிட்டு, "ஒரு வித்தியாசமும் தெரியல" என்றாள். அது பாராட்டு இல்லை.

நவம்பர் 13, வியாழன்

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மதாம் கண்ணாடி போட்டு, விமானத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். வலதைப் பார்க்கவே இல்லை. இடது இறக்கையின் பின் ஓரத்தில் விரலால் தடவித் தேடினார். முடி விரலில் தட்டியது. சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இதுக்காக நான் அவர எவ்ளோ கிண்டல் பண்ணியிருக்கேன் தெரியுமா? மவ வந்ததும் இதத்தான் மொதல்ல காட்டுவேன். உங்க பப்பா விட்டுட்டுப் போனதுன்னு."

அதற்கு மேல் முடியவில்லை.

"மதாம், அந்த முடி நான் வெச்சது."

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே. விமானத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். காபி வரவில்லை. அந்த வீட்டில் காபி வராதது இதுதான் முதல் தடவை. போகட்டுமா என்று கேட்கவும் பயம்.

மதாமே ஆரம்பித்தார். "எனக்கு மூச்சு இளுப்பு ஜாஸ்தியாச்சு. டப்பா வாசன ஆவல. ரெண்டு வருஷமா தண்ணி பெயிண்ட்தான் அடிச்சாரு. உனக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு டப்பாவத் தொறந்து முன்னால வெச்சிக்குவாரு. நீ போற வரைக்கும் நான் பின்னால தோட்டத்துல ஒக்காந்திருப்பேன்."

ஞாயிறுதோறும் மதாம் செடிக்குத் தண்ணீர் விடுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு கேட்டார்: "தொடச்ச துணிய வெச்சிருக்கியா?"

இருக்கும் என்றேன்.

"நாளைக்கு சாயந்திரம் மவ வந்துடுவா. அதுக்குள்ள கொண்டாந்து குடு. ஏரோப்ளேனுக்கு அடியில போடணும்."

நவம்பர் 14, வெள்ளி

நல்ல வெயில். லீவு.

துணி மேஜையில் இல்லை. டிராயரில் இல்லை. சிங்க் அடியில் இல்லை. எழுந்ததும் இரண்டு தடவை தேடினேன்; கேட்கலாமென்றால் சுமதி மார்க்கெட் போயிருந்தாள். குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டது. தெருமுனைத் தொட்டியைக் கிளறினேன். எதிர்வீட்டுக்காரர் என்ன சார் என்றார். ஒன்றுமில்லை சார்.

பதினொன்றரைக்குச் சுமதி மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். கேட்டேன். பழைய துணி என்று நேற்றே துவைத்துவிட்டாளாம், மாடியில் காய்கிறதாம். அவளே போய் எடுத்து வந்து என் கையில் போட்டாள்.

"என்னா பெயிண்டோ. ரெண்டு தடவ சோப்பு போட்டுக் கசக்கிட்டேன், இந்த நீலம் போவவே மாட்டேங்குது."